ஓடப் பிறந்த சொல்: ‘லீப்’

பழைய இங்கிலாந்தின் நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாக எழுதிவைத்த ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுப்பதிவில் கி.பி. 889க்கான குறிப்பு மிகச் சிறியது. அந்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து ரோமுக்குப் பயணக் குழு எதுவும் போகவில்லை. ஆல்ஃபிரட் மன்னர் கடிதங்களோடு இரண்டு பேரை மட்டும் அனுப்பினார், அவ்வளவுதான். அந்த இருவரையும் பதிவு ‘ஹ்லேஅபெராஸ்’ என்று அழைக்கிறது. இன்றைய ஆங்கிலத்துக்கு ஒலி மாற்றிப் பார்த்தால் ‘லீப்பர்ஸ்’. அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு ‘குதிப்பவர்கள்’ என்று பெயர்த்தால், மன்னர் ரோமுக்கு இரண்டு கழைக்கூத்தாடிகளை அனுப்பியதாக ஆகிவிடும். அவர்கள் ஓலை கொண்டு ஓடிய தூதர்கள்.

பழைய ஆங்கிலத்தின் ‘ஹ்லேஅபன்’ என்ற வினைக்கு ஓடு, விரை, பாய், துள்ளு, நடனமாடு எல்லாமே பொருள். கால்கள் தரையைவிட்டு மேலெழுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. நம் பள்ளிப் புத்தகங்கள் ‘ஜம்ப்’ என்றாலும் குதி, ‘லீப்’ என்றாலும் குதி என்று ஒரே சொல்லை வைத்துவிட்டதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரியாமலே போயிற்று. ‘லீப்’புக்கு நேரான தமிழ் குதித்தல் அல்ல, பாய்தல். புலி பாய்கிறது, ஆறு பாய்கிறது, குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகிறது. இந்த மூன்றையும் ‘ஹ்லேஅபன்’ குடும்பமும் ஏதோ ஒரு மொழியில், ஏதோ ஒரு வடிவில் சொல்லிவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், தொடர்பே இல்லாதவைபோலத் தோன்றும் பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்கள் ஒரே வேரில் வந்து சேர்வதைப் பார்க்கலாம். லீப் வருடம் ஏன் லீப் வருடம் என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

ஒலி எப்படித் தேய்ந்தது

ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் போன்றவற்றுக்குத் தாயான மூல ஜெர்மானியத்தில் இதன் வடிவம் ‘ஹ்லௌபன்’ என்பதை ஒட்டியது என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். ஜெர்மானியக் கிளைக்கு வெளியே, அதாவது லத்தீனிலோ கிரேக்கத்திலோ சமஸ்கிருதத்திலோ, இதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட உறவுச்சொல் கிடையாது. நான்காம் நூற்றாண்டில் கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்ட விவிலியத்தில், மாற்கு 10:50இல், பர்திமேயு என்ற பார்வையற்றவர் மேலாடையை எறிந்துவிட்டு எழுந்து இயேசுவிடம் வரும் இடத்தில் ‘உஸ்ஹ்லௌபண்ட்ஸ்’ என்று வருகிறது. துள்ளி எழுந்து என்று பொருள். எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வடிவங்களில் இது ஒன்று.

சொல்லின் முதலில் இருந்த ஹகர ஒலி ஏறத்தாழப் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் உதிர்ந்தது. ‘லீப்’புக்கு மட்டும் வந்த நோய் அல்ல அது. ரொட்டியைக் குறிக்கும் ‘லோஃப்’, உரத்த என்று பொருள்படும் ‘லவுட்’, சிரிப்பைச் சொல்லும் ‘லாஃப்’, ஏணியான ‘லேடர்’, பிரபுவான ‘லார்ட்’ எல்லாமே முன்பு ‘ஹ்ல’ என்றுதான் தொடங்கின.

ஜெர்மன் படிப்பவர்களுக்கு இன்னொரு வரிசை கைகொடுக்கும். ஆங்கில ‘லீப்’, ‘சீப்’, ‘ஹீப்’ ஆகியவற்றுக்கு நேராக ஜெர்மனில் ‘லௌஃபன்’, ‘கௌஃபன்’, ‘ஹௌஃபன்’ நிற்கின்றன. உயிரொலி ஒரே முறையில் வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் பகரம் இருக்கும் இடத்தில் ஜெர்மனில் ஃபகரம் வருகிறது. இப்படி வரிசையாக ஒத்துப்போவதுதான் உறவுக்குச் சான்று. ஒரு சொல் இன்னொன்றைப் போலக் காதில் விழுவது சான்றாகாது. பொருளில் மூன்றும் கொஞ்சம் விலகியிருக்கின்றன. ‘ஹீப்’, ‘ஹௌஃபன்’ இரண்டும் குவியல். ‘கௌஃபன்’ என்றால் வாங்குதல். ‘சீப்’ ஒருகாலத்தில் வணிகத்தைக் குறித்துப் பின்பு மலிவுக்கு இறங்கியது. ‘லௌஃபன்’ என்றால் ஓடுதல். ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள் தயாரிக்கும் தன்விவரக் குறிப்பின் பெயர் ‘லேபன்ஸ்லௌஃப்’, வாழ்க்கை ஓட்டம். அதில் உள்ள ‘லௌஃப்’தான் நம் ‘லீப்’.

இறந்தகாலத்தில் தடுமாறுபவர்கள் பலர். பழைய ஆங்கிலத்தில் இது உள்ளுயிர் மாறும் வினை: ‘ஹ்லேஅபன்’, இறந்தகாலம் ‘ஹ்லேஓப்’. அந்த வடிவம் வழக்கொழிந்து, கடைசியில் தகர அல்லது டகர ஒலி சேர்க்கும் முறைக்கு மாறியது. இன்று எழுத்தில் இரண்டு வடிவங்கள் உண்டு. ‘டி’யில் முடிவது பிரிட்டனில் மிகுதி, ‘ஈ-டி’யில் முடிவது அமெரிக்காவில் மிகுதி, இரண்டும் சரி. முதல் வடிவத்தை ‘லீப்ட்’ என்று நீட்டக்கூடாது, ‘லெப்ட்’ என்று குறுக்க வேண்டும். ‘ஸ்லீப்’ ‘ஸ்லெப்ட்’ ஆவதும் ‘கீப்’ ‘கெப்ட்’ ஆவதும் இதே விதியில்தான்: பின்னால் இரண்டு மெய்கள் நெருங்கி நின்றால் நெடில் குறுகும்.

அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஓடுகிறார்கள்

உடன்பிறந்த மொழிகளைப் பார்த்தால் ஆங்கிலம்தான் வழி மாறிப்போனது தெரியும். ஸ்வீடிஷ் ‘லோப்பா’, டேனிஷ் ‘லோபே’, ஐஸ்லாந்திய ‘ஹ்லௌபா’ எல்லாம் ஓடுவதையே குறிக்கின்றன. ஸ்வீடனில் 1922 முதல் நடந்துவரும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியின் பெயர் ‘வாசாலோப்பெத்’, வாசா ஓட்டம். டச்சு ‘லோப்பன்’ நெதர்லாந்தில் நடப்பதற்கே பயன்படுகிறது; வேகம் அங்கே இன்னும் குறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் ஓட்டத்துக்கு ‘ரன்’ நிலைத்துவிட, ‘லீப்’ அந்த ஓட்டத்தின் உச்சியை, கால்கள் அந்தரத்தில் இருக்கும் கணத்தை, மட்டும் வைத்துக்கொண்டது.

அப்படியானால் ஜெர்மனில் தாவுவதற்கு என்ன சொல்? ‘ஷ்ப்ரிங்கன்’. டேனிஷிலும் ஸ்வீடிஷிலும் இதே வேர் உண்டு. ஆங்கிலத்தில் அது ‘ஸ்பிரிங்’காக இருக்கிறது, ஆனால் நீரூற்று, வசந்தகாலம், சுருள்வில் என்று பல வேலைகளை ஏற்றுக்கொண்டு, தாவுவதைப் பகுதிநேரப் பணியாகத்தான் பார்க்கிறது. இந்த இடமாற்றம் மொழிபெயர்ப்பில் வேடிக்கையான விளைவுகளைத் தந்தது. கியர்கேகார்டின் தத்துவம் என்றதும் பலரும் சொல்வது ‘லீப் ஆஃப் ஃபெய்த்’, நம்பிக்கைத் தாவல், என்ற தொடர். அவர் டேனிஷில் எழுதியவர். தாவலுக்கு அவர் பயன்படுத்திய சொல் ‘ஸ்ப்ரிங்’. ஆங்கிலத்தில் அதை ‘லீப்’ ஆக்கினார்கள். அதே ‘லீப்’பின் டேனிஷ் உடன்பிறப்பைப் போட்டிருந்தால் கோபன்ஹேகனில் அது வெறும் ஓட்டமாகத்தான் விளங்கியிருக்கும்.

வடக்கிலிருந்து வந்த அலை

வைக்கிங்குகள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குடியேறியபோது அவர்களுடைய ‘ஹ்லௌபா’வும் கூடவே வந்தது. ஏற்கெனவே அங்கே இருந்த ‘ஹ்லேஅபன்’ இதற்குச் சகோதரச் சொல் என்பதால், ஒரே பொருளுக்கு இரண்டு வடிவங்கள் அருகருகே வாழ்ந்தன. வைக்கிங்குகளின் மொழியான நோர்ஸின் வடிவம் ஆங்கிலத்தில் ‘லோப்’ ஆகியது. முதலில் அதற்கும் பாய்தல்தான் பொருள். இன்று ஓநாய் போன்ற விலங்குகள் நீண்ட எட்டுகள் வைத்து அலுக்காமல் ஓடும் அந்தத் தனி ஓட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் அது ‘லௌப்’. அந்நாட்டு ஆட்டுப்பட்டிகளில் ‘லௌப்பிங் இல்’ என்றொரு நோய் உண்டு. உண்ணிகள் பரப்பும் வைரஸ் நரம்பு மண்டலத்தைத் தாக்க, ஆடு நடை தடுமாறித் துள்ளித் துள்ளிப் போகும். நோய்க்கும் வைரஸுக்கும் கால்நடை மருத்துவ நூல்களில் இன்றும் இதுவே பெயர்.

அயர்லாந்தில் டப்ளினுக்கு மேற்கே லிஃபி ஆற்றங்கரையில் லெய்க்ஸ்லிப் என்று ஓர் ஊர். ‘லக்ஸ்’ என்றால் சால்மன் மீன், ‘ஹ்லௌப்’ என்றால் பாய்ச்சல். முட்டையிட ஆற்றை எதிர்த்து வரும் சால்மன்கள் அங்கிருந்த அருவியைத் தாவி ஏறியதால் வைக்கிங்குகள் வைத்த பெயர். ஐரிஷ் மொழியிலும் அவ்வூருக்குச் சால்மன் தாவல் என்ற பொருளிலேயே பெயர்.

ஐஸ்லாந்தியம் வேறொரு திசையில் போனது. பனியாற்றுக்கு அடியில் எரிமலை வெடித்தாலோ, பனி அணைகட்டித் தேக்கிய ஏரி உடைத்துக்கொண்டாலோ திடீரென்று பெருவெள்ளம் கிளம்பும். அதற்கு ‘யோகுல்ஹ்லௌப்’ என்று பெயர்: பனியாற்றுப் பாய்ச்சல். உலகெங்கும் நிலவியலாளர்கள் இந்தச் சொல்லை அப்படியே கடன் வாங்கியிருக்கிறார்கள். 1996 செப்டம்பர் இறுதியில் வாட்னயோகுல் பனிப்பரப்பின் கீழே எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் ஒரு மாதத்துக்கும் மேலாகச் சேர்ந்து, நவம்பர் 5 அன்று வெளியே பாய்ந்தது. உச்சத்தில் நொடிக்குச் சுமார் 45,000 கன மீட்டர் வரை ஓடியதாகக் கணித்தார்கள். தென்கரைச் சாலையின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளத்துக்கும் தாவலுக்கும் ஒரே சொல்லா என்று ஆங்கிலேயர் வியக்கலாம். வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இதில் வியப்பில்லை.

வெளியூர் போய்த் திரும்பிய சொற்கள்

சில சொற்கள் வேற்று மொழிகளில் சுற்றிவிட்டு, அடையாளம் மாறி ஆங்கிலத்துக்கு வந்தன. ‘கேலப்’ அவற்றில் ஒன்று. ஜெர்மானிய இனத்தவரான பிராங்குகளின் மொழியில் ‘வல ஹ்லௌபன்’, ‘நன்றாக ஓடு’, என்ற தொடரே பழைய பிரெஞ்சில் ‘கலோப்பே’ ஆகி ஆங்கிலத்தில் நுழைந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். வட பிரெஞ்சு வட்டாரத்தில் முதலெழுத்து வகரமாகவே நின்றதால் அதே சொல் ‘வாலப்’ என்றும் வந்தது. அது குதிரைப் பாய்ச்சலிலிருந்து உலை தளதளவென்று கொதிப்பதற்குப் போய், கடைசியில் ஓங்கி அறைவதில் வந்து நிற்கிறது.

‘ஈலோப்’ இன்று காதலர்கள் வீட்டுக்குத் தெரியாமல் போய் மணம் செய்துகொள்வது. இங்கிலாந்தின் பழைய சட்டப் பிரெஞ்சில் அது கடுமையான சொல்: திருமணமான பெண் கணவனை விட்டு வேறொருவருடன் போய்விடுவது. டச்சு வழி வந்ததா, ஆங்கில ‘லீப்’பிலிருந்தே கிளைத்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ‘ஓடிப்போனாள்’ என்று நம் ஊரில் சொல்லும் அதே வினைதான் அடியில் இருக்கிறது என்பதில் வேறுபாடு இல்லை.

சென்னைக்காரர்களுக்கு நெருக்கமான சொல் ‘இன்டர்லோப்பர்’. டச்சில் ‘லாந்த்லோப்பர்’ என்றால் ஊர் ஊராக ஓடித் திரியும் நாடோடி. அதன் பின்பாதியை எடுத்து, முன்னால் ‘இடையில்’ என்று பொருள்தரும் லத்தீன் ஒட்டைச் சேர்த்து 1590களில் ஆங்கிலேயர் இந்தச் சொல்லை ஆக்கினார்கள். இன்ன கடலில் இன்ன நிறுவனமே வணிகம் செய்யலாம் என்று அரசு பட்டயம் தந்திருக்க, அனுமதி இல்லாமல் குறுக்கே ஓடி வந்து வணிகம் செய்பவன் இன்டர்லோப்பர். 1600இல் தொடங்கிய கிழக்கிந்திய கம்பெனிக்கு இவர்கள் தீராத தலைவலி. அவர்களில் பேர்போனவர் தாமஸ் பிட். வங்காளக் கரையில் பாலசோரை மையமாக வைத்துக் கம்பெனியின் உரிமையை மீறி வணிகம் செய்து பொருள் சேர்த்தவர். எதிர்த்துப் பார்த்து அலுத்த கம்பெனி கடைசியில் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் அவர்தான். சென்னையில் இருந்தபோது அவர் வாங்கிய வைரம் 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரான ஓர்லியான் கோமகனுக்கு விற்கப்பட்டது. ‘ரீஜன்ட்’ என்ற பெயரில் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குறுக்கே ஓடியவரே கோட்டைக்கு ஆளுநரான பிறகு, அவரும் மற்ற இன்டர்லோப்பர்களைத் துரத்த வேண்டியிருந்தது.

‘ரன் தி கான்ட்லெட்’ என்ற மரபுத்தொடரில் வரும் ‘கான்ட்லெட்’டை இரும்புக் கையுறை என்று பலர் நினைக்கிறார்கள். கையுறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்வீடிஷ் படைகளில் ‘காத்லோப்’ என்றொரு தண்டனை இருந்தது: இரண்டு வரிசையாகக் கம்புகளோடு நிற்கும் வீரர்களுக்கு நடுவே குற்றவாளி ஓட வேண்டும், இருபுறமும் அடி விழும். ‘காதா’ சந்து, ‘லோப்’ ஓட்டம். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதை ‘கான்ட்லோப்’ என்று வாங்கி, பின்பு ஏற்கெனவே தெரிந்த கையுறைச் சொல்லோடு குழப்பிக்கொண்டார்கள். ஆக, அந்தத் தொடரின் நேர்ப்பொருள் ‘சந்தோட்டம் ஓடு’. ஓட்டம் இரண்டு முறை வருவதை யாரும் கவனிப்பதில்லை.

பழைய மரக்கப்பல்களின் அடித்தளத்துக்கு ‘ஆர்லப்’ என்று பெயர். டச்சில் ‘ஓவர்லோப்’: சரக்கறையின் மேலே முழுநீளமும் ஓடி மூடும் பலகைத் தளம். 1805இல் டிரஃபால்கர் போரில் குண்டடிபட்ட நெல்சன் உயிர்விட்டது ‘விக்டரி’ கப்பலின் இந்தத் தளத்தில்தான்.

பறவை ஒன்றும் இந்தக் கூட்டத்தில் உண்டு. நம் வயல்களில் ஆள் வந்தால் கத்தித் தீர்க்கும் ஆள்காட்டிக் குருவியை ஆங்கிலத்தில் ‘லாப்விங்’ என்கிறார்கள். மடி என்ற ‘லாப்’, சிறகு என்ற ‘விங்’ இரண்டும் சேர்ந்தது போலத் தோன்றும். இங்கிலாந்தில் வாழும் அதன் இனத்தானுக்குப் பழைய ஆங்கிலப் பெயர் ‘ஹ்லேஅபெவின்சே’. முற்பகுதி நம் பாய்ச்சல். பிற்பகுதி தள்ளாடுவதை, சட்டென்று அசைவதைக் குறிப்பது. கண்சிமிட்டும் ‘விங்க்’கோடு உறவுடையது. பறக்கும்போது தள்ளாடித் துள்ளும் அதன் போக்குக்காக வைத்த பெயர். சொல்லின் பொருள் மறந்துபோனதும் மக்கள் காதுக்குப் பழகிய இரண்டு சொற்களாக அதைத் திருத்திக்கொண்டார்கள்.

வேர் தேடுபவர்கள் வழுக்கி விழும் இடங்களும் உண்டு. ‘ஆன்ட்டிலோப்’ மானின் பெயரில் ‘லோப்’ இருக்கிறது, மானும் பாய்கிறது. ஆனால் அது பிற்காலக் கிரேக்கத்தில் ஒரு கற்பனை விலங்கின் பெயரிலிருந்து வந்தது. ‘என்வலப்’, ‘டெவலப்’ இரண்டும் பிரெஞ்சு வழி வந்தவை, இங்கே சேராதவை. பழைய ஆங்கிலத்தில் ஹகரம் இல்லாத ‘லேஅப்’ என்று வேறொரு சொல் இருந்தது. கூடை என்று பொருள். விதைப்பவர்கள் தோளில் மாட்டிய ‘சீட்லிப்’ கூடையில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் பாய்ச்சலுக்கும் உறவில்லை.

வருடம் எதைத் தாண்டுகிறது?

லீப் வருடம் என்றால் பிப்ரவரியில் ஒரு நாள் ‘குதித்து’ வந்து சேர்கிறது, அதனால் அந்தப் பெயர் என்றுதான் பெரும்பாலோர் விளக்குவார்கள். தாண்டுவது சேர்த்த நாள் அல்ல, மற்ற தேதிகள்.

சாதாரண ஆண்டில் 365 நாள். அதாவது 52 வாரமும் ஒரு நாளும். ஆகவே ஒரு தேதி இந்த ஆண்டு எந்தக் கிழமையோ, அடுத்த ஆண்டு அதற்கடுத்த கிழமை. சுதந்திர தினத்தை வைத்துப் பாருங்கள். 2022இல் ஆகஸ்ட் 15 திங்கள், 2023இல் செவ்வாய். வரிசைப்படி 2024இல் புதன் வர வேண்டும். இடையில் பிப்ரவரி 29 புகுந்துவிட்டதால் வியாழன் வந்தது, புதனைத் தாண்டிவிட்டது. 2025இல் வழக்கம்போல வெள்ளி. அந்தத் தாண்டலுக்காகத்தான் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதை ‘லீப்’ வருடம் என்றார்கள். பழைய நோர்ஸிலும் ‘ஹ்லௌப்ஆர்’ என்று அதே பெயர் உண்டு.

இதில் ஒரு நுணுக்கம்: ஜனவரி, பிப்ரவரித் தேதிகள் லீப் ஆண்டிலேயே தாண்டுவதில்லை, அதற்கு அடுத்த ஆண்டில்தான். குடியரசு தினம் 2023இல் வியாழன், 2024இல் வெள்ளி, 2025இல் சனியை விட்டுவிட்டு ஞாயிறு. கிழமையை மனக்கணக்காகப் போடுபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

லத்தீன் பெயரில் தாண்டல் இல்லை. ஜூலியஸ் சீசர் கி.மு. 46இல் நாட்காட்டியைத் திருத்தியபோது கூடுதல் நாளை மாதக் கடைசியில் வைக்கவில்லை. மார்ச் முதல் நாளுக்கு முந்தைய ஆறாம் நாளை, அதாவது பிப்ரவரி 24ஐ, இருமுறை எண்ணச் செய்தார். ‘இரட்டை ஆறாம் நாள்’ கொண்ட ஆண்டு என்பதே பிரெஞ்சில் இன்றுவரை லீப் ஆண்டின் பெயர். ரோமானியர்கள் இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணுபவர்கள். நாலாம் ஆண்டுக்கொருமுறை என்ற விதியைச் சீசர் இறந்த பிறகு பூசாரிகள் அப்படி எண்ணி, மூன்றாண்டுக்கொருமுறை நாளைச் சேர்த்துவிட்டார்கள். அகஸ்டஸ் பல ஆண்டுகள் கூடுதல் நாளையே நிறுத்தி வைத்துச் சரிக்கட்டினார்.

‘லீப்’ வருடத்துக்கு முன்பே நாட்காட்டிக் கணக்கர்களிடம் இன்னொரு தாவல் புழங்கியது: நிலவின் தாவல். ஈஸ்டர் தேதி கணிக்க 19 ஆண்டு நிலாச் சுழற்சி பயன்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில் நிலவின் வயது, அதாவது நிலவு பிறந்ததிலிருந்து எண்ணும் நாள், 11 கூடும். 30ஐத் தாண்டினால் 30ஐக் கழித்துக்கொள்வார்கள். பத்தொன்பது ஆண்டில் 11 வீதம் கூட்டினால் 209. சுழற்சி முழுமையாக மூட வேண்டுமானால் 30இன் ஏழு மடங்கு, 210 தேவை. ஒன்று குறைகிறது. அதனால் சுழற்சியில் ஒரே ஒரு முறை 11க்குப் பதில் 12 கூட்டினார்கள். அந்த இடத்தில் நிலவு ஒரு நாளைத் தாண்டிவிடுகிறது. பழைய ஆங்கில நூல்களில் இதற்குப் பெயர் ‘மோனன் ஹ்லீப்’. இங்கே ஒரு நாள் விடப்படுகிறது, லீப் ஆண்டில் ஒரு நாள் சேர்க்கப்படுகிறது. செயல் நேரெதிர், பெயர் ஒன்று. ஏனென்றால் இரண்டிலும் வரிசையில் ஏதோ ஒன்று தொடப்படாமல் கடக்கப்படுகிறது.

நாலால் வகுபட்டால் லீப் ஆண்டு என்ற பாதி விதியை வைத்துக்கொண்டு நம் தலைமுறை சேதமில்லாமல் வாழ்ந்துவிடும். 1582இன் கிரெகோரியன் திருத்தப்படி, நூற்றாண்டுகள் 400ஆல் வகுபட வேண்டும். 2000 தேர்ந்தது, 1900 தேறவில்லை, 2100உம் தேறாது. எக்செல் மென்பொருள் இன்றும் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத நாளை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முந்தைய லோட்டஸ் 1-2-3இல் இருந்த பிழையைப் பழைய கோப்புகள் உடையாமல் இருக்க வேண்டுமென்று தெரிந்தே தொடர்ந்தார்கள். 400 ஆண்டில் 97 லீப் நாள்கள், மொத்தம் 1,46,097 நாள். இது ஏழால் மீதியின்றி வகுபடுவதால், அத்தனை தாண்டலும் முடிந்து கிழமைகள் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தமிழ் நாட்காட்டிக்குத் தனியாக லீப் நாள் தேவைப்படவில்லை. சூரியன் ராசி மாறும் நேரம் சூரிய மறைவுக்கு முன்னால் இருந்தால் அன்றே மாதப் பிறப்பு, பின்னால் இருந்தால் மறுநாள். மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை நீளும், சுருங்கும். ஆண்டு தானாகவே 365 அல்லது 366 ஆகிவிடும். தை முதல் நாள் ஜனவரி 14, 15 என்று மாறி மாறி வருவதற்கு, ஆங்கில நாட்காட்டி கால் கால் நாளாகப் பாக்கி வைத்து நாலாம் ஆண்டில் மொத்தமாகக் கட்டுவதும் ஒரு காரணம்.

லீப் வினாடி என்ற பெயர் இந்த லீப் வருடத்தைப் பார்த்து வைத்தது. பூமியின் சுழற்சி அணுக் கடிகாரத்தைவிடச் சற்றுப் பின்தங்குவதால் 1972 ஜூன் 30 முதல் 2016 டிசம்பர் 31 வரை 27 முறை ஒரு வினாடி சேர்த்தார்கள். உலகப் பொது நேரத்தில் 23:59:59க்கும் 00:00:00க்கும் நடுவே 23:59:60; நம் கடிகாரத்தில் அது மறுநாள் காலை 5:29:60. ஆண்டின் தேதிகளாவது கிழமையைத் தாண்டின; இங்கே எதுவும் எதையும் தாண்டவில்லை, கடிகாரம் ஒரு வினாடி நின்று காத்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு 61 வினாடி என்பதை ஏற்காத கணினிகள் பல. 2012 ஜூன் 30 இரவு லினக்ஸ் கருநிரலில் இருந்த பிழையால் பல இணையதளங்கள் முடங்கின. 2035க்குள் இந்த முறையைக் கைவிடுவதென்று 2022இல் எடைகள் மற்றும் அளவைகளுக்கான பொது மாநாடு முடிவெடுத்தது.

‘ஜம்ப்’ வந்த பிறகு

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஜம்ப்’ என்ற புதிய சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. அதன் மூலம் தெரியாது. ‘பம்ப்’, ‘தம்ப்’ போன்ற ஒலிக்குறிப்புகளின் சாயலில் பிறந்திருக்கலாம் என்பது வழக்கமான ஊகம். அன்றாட வேலையெல்லாம் மெல்ல மெல்ல அதனிடம் போயிற்று. தடகளப் போட்டிகளில் ‘லாங் ஜம்ப்’, ‘ஹை ஜம்ப்’, ‘ட்ரிப்பிள் ஜம்ப்’ இருக்கின்றன, ‘லீப்’ இல்லை. மும்முறைத் தாண்டலின் பழைய பெயர் ‘ஹாப், ஸ்டெப் அண்ட் ஜம்ப்’. அதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு விதி. ‘ஹாப்’பில் மிதித்த காலிலேயே இறங்க வேண்டும், ‘ஸ்டெப்’பில் மறுகாலில், ‘ஜம்ப்’பில் மணலில். கால் மாறினால் முயற்சி செல்லாது.

‘லீப்’புக்கு மிச்சமானது தூரமும் வீச்சும் உள்ள பாய்ச்சல். நின்ற இடத்தில் மேலும் கீழும் குதிப்பதற்கு அதைப் போட முடியாது. ஓரிடத்தை விட்டு இன்னோரிடம் சேர வேண்டும். வேலியைத் தாண்டும் மான், கரையிலிருந்து படகுக்குத் தாவும் ஆள், ஒரே நாளில் எகிறும் விலை இவற்றுக்குப் பொருந்தும். திடுக்கிட்டுத் துள்ளும் மனிதனுக்கு ‘ஜம்ப்’தான். வாய்ப்பைப் பாய்ந்து பிடிப்பதற்கு ‘லீப் அட்’. அங்கே ‘லீப் ஆன்’ என்று போட்டால் வாய்ப்பின் மேல் விழுந்து பிடுங்குவது போலாகிவிடும். தமிழில் பெயர்க்கும்போது முதலில் ‘பாய்ச்சல்’ பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்லது. 1969இல் நிலவில் நீல் ஆம்ஸ்ட்ராங் சொன்ன ‘லீப்’பைப் ‘பாய்ச்சல்’ என்றால் எடுபடுகிறது, ‘குதிப்பு’ என்றால் சிரிப்பு வருகிறது. உடல் சார்ந்த மகிழ்ச்சிக்குத் ‘துள்ளல்’ சரி. விவிலியத்தில் வரும் எலிசபெத்தின் வயிற்றுக் குழந்தைக்கு ஆங்கில விவிலியம் ‘லீப்’ போட்ட இடத்தில் தமிழ் விவிலியம் ‘துள்ளிற்று’ என்கிறது.

‘குவாண்டம் லீப்’ ஒரு தனிச் சிக்கல். இயற்பியலில் எலக்ட்ரான் ஒரு ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்கு இடைநிலை எதையும் தொடாமல் மாறுவதைக் குறிக்கும் தொடர் அது. இயற்பியலாளர்கள் பெரும்பாலும் ‘ஜம்ப்’ என்றே சொல்கிறார்கள். ஆற்றலில் வேறுபாடு மிகமிகச் சிறியது. அரசியல் மேடைகளில் அது மாபெரும் முன்னேற்றமாகிவிட்டது. அளவை வைத்துப் பார்த்தால் தவறு. இடையில் நிற்காமல் கடப்பது என்ற பழைய பொருளை வைத்துப் பார்த்தால் அவ்வளவு தவறில்லை.

குனிந்து நிற்பவனின் முதுகில் கையூன்றித் தாண்டும் நம் பச்சைக்குதிரை விளையாட்டு ஆங்கிலத்தில் ‘லீப்ஃப்ராக்’. அவர்களுக்குத் தவளை, பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆடு, டச்சுக்காரர்களுக்கு முயல், நமக்குக் குதிரை. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்திலேயே இந்த விளையாட்டு வருகிறது. வினையாக இப்போது தொழில்நுட்பக் கட்டுரைகளில் மிகுதியாகப் புழங்குகிறது: தரைவழித் தொலைபேசி வராத ஊருக்கு நேரடியாகக் கைபேசி வந்தால் அது ‘லீப்ஃப்ராக்’. வேகமான வளர்ச்சி எல்லாவற்றுக்கும் இதைப் போடுவது பிழை. தாண்டப்படும் படி ஒன்று நடுவில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டில் ஐந்து படியையும் விரைந்து ஏறிய ஊருக்கு ‘லீப்’ போதும், தவளை வேண்டாம்.